வருங்கால வைப்புநிதியும் முதலீட்டு விகிதமும்

1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் முதலில் 6 தொழில்களுக்கே பொருந்தியது. பொறியியல் அவற்றுள் ஒன்று. எண்ணூரின் அசோக் லேலண்ட், திருவொற்றியூரின் என்ஃபீல்டு ஆலைகள் அவ்வகையின. சம்பளப் பிடித்தம் தொழிலாளியுடையது, எதில் முதலிடுவது என்பது அரசின் முடிவு. நெடுங்காலம் பணம் பெரும்பாலும் கடன்பத்திரங்களிலேயே இருந்தது. 2015 ஆகஸ்டில்தான் புதுவரவில் 5 விழுக்காடு பங்குக் குறியீட்டு நிதிகளுக்குச் சென்றது. 2017-இல் அது 15 விழுக்காடானது. புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஓய்வை நெருங்கியவருக்கும் ஒரே விகிதம், ஒரே வட்டி. முதியவருக்கு இது பாதுகாப்பு. இளைஞருக்கு அவ்வளவு லாபமில்லை.

2009-இல் அனைவருக்கும் திறக்கப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தேர்வு உறுப்பினருடையது. அதன் மிதமான தானியங்கித் தேர்வில் 35 வயதுவரை பங்குகளில் 50 விழுக்காடு. 55 வயதில் 10. வைப்புநிதி ஏற்கெனவே கடன்பத்திரம் சார்ந்தது என்பதால், இரண்டும் உள்ள இளம் தொழிலாளி இரண்டையும் கூட்டியே தன் பங்கு விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.