கை நனைச்சுட்டுப் போங்க!

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். வந்த வேலை முடிந்து செருப்பை மாட்டும்போது, அந்த வீட்டு அம்மா மறிக்கிறார்: ‘‘அதென்ன, வந்ததும் கிளம்பறீங்க? கை நனைச்சுட்டுத்தான் போகணும்!’’

நீங்கள் குழாயைத் தேடிப் போனால் வீடே சிரிக்கும். சாப்பிடாமல் போகக்கூடாது என்பதுதான் அர்த்தம்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவும் இப்படி விழித்திருப்பார். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கொடுத்த ஊர் அது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் ஆனா ஆவன்னா எழுதிப் பழகினார் மனுஷர். பிறகு, வார்த்தைகளைச் சேர்த்து அகராதி தொகுத்தார். லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். அது 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது.

சரி, ‘கை நனை’யை இதில் எந்தப் புத்தகத்தில் வைப்பது?

அகராதியில் ‘கை’ உண்டு, ‘நனை’ உண்டு. இரண்டையும் கூட்டினால் சோறு வராது. இலக்கணம் வேற்றுமை சொல்லும், காலம் சொல்லும். சாப்பாட்டைப் பற்றி அதற்குத் தெரியாது. மொத்தமாக ஒரே வார்த்தை என்று முடிவு கட்டலாமா? அதுவும் முடியாது. நனைச்சாரு, நனைக்கலை, நனைப்பீங்களா என்று இலக்கணம் உள்ளே புகுந்து விளையாடுகிறது. ஆனால் ‘கை நனைந்தது’ என்று மாற்றிப் பாருங்கள். சோறு காணாமல் போய், வெறும் தண்ணீர்தான் மிச்சம்!

இந்த மாதிரி மரபுத்தொடர்களை மொழியியலார் பலர் வெகுகாலம் விதிவிலக்கு என்று ஓரங்கட்டி வைத்தார்கள். 1988-ல் சார்ல்ஸ் ஃபில்மோரும் இரண்டு சகாக்களும், நம்ம ஊர் ‘சோறு கிடக்கட்டும், தண்ணிகூடத் தரலை’ போன்ற ஓர் ஆங்கிலத் தொடரை எடுத்து அலசினார்கள். சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் நடுவே சுவர் இல்லை என்ற கட்சி அதன்பின் வலுத்தது. டெல்டா விவசாயிக்கு இது புதிதல்ல. வரப்பிலும் உளுந்து விளையும் என்பது அவருக்குத் தெரியும்.

அகராதிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1779-ல் வெளிவந்த ஃபெப்ரீஷியஸ் அகராதி, பெருக்கப்பட்டு 1897-ல் தரங்கம்பாடியிலிருந்தே மறுபடி வந்தது. அதில் ‘கை’ என்ற சொல்லின் கீழ், கையோடு ஒட்டிய தொடர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மரபுத்தொடருக்கென்றே தனி அகராதியை மொழி அறக்கட்டளை 1997-ல் கொண்டுவந்தது.

ஆனாலும் ஒன்று பாக்கி. பெண் பார்க்கப் போன இடத்தில், சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டையில், ‘‘இனி செத்தாலும் அவன் வீட்ல கை நனைக்க மாட்டேன்’’ என்றால், அங்கே அறுந்தது உறவு. ‘சாப்பிடுதல்’ என்று அகராதி ஒரே வார்த்தையில் பொருள் எழுதிவிடலாம். அந்த வைராக்கியத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அதை ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போனால் அவர்கள் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுங்கள்.

பயப்படாதீர்கள், கழற்றிக் கொடுக்க வேண்டாம்!