அரிசியை அளந்த எண்

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் இல்லங்களில் வழங்கும் பழமொழி. பானை முழுவதையும் நசுக்கிப் பார்த்தல் இயலாது. ஆகவே ஒரு பருக்கையை எடுத்துப் பார்க்கிறோம். உணவு ஆய்வுக்கூடங்கள் செய்வதும் அடிப்படையில் இதுவே. ஆயினும், அப்பருக்கை சொல்வது சோறு வெந்ததா என்பதை மட்டுமே. அச்சோறு உடலைக் காக்குமா என்பதை அது சொல்லாது. அளப்பது ஒன்று, அதைக்கொண்டு முடிவு கட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாகிவிடா. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் மலாயா மண்ணில், நம்மவர் உண்ட அரிசியை ஒட்டியே நிகழ்ந்தது. அதனை ஆசிரிய அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

பெரிபெரி நோய்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டு மருத்துவமனைகளை நிரப்பிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், நடை தளரும், முடிவில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். இது தொற்றுநோய் என்றும், ஈர நிலத்தினின்று எழும் நச்சு என்றும் பலர் கருதினர்.

டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் ஐக்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தவிடு கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். அவர் பணியைத் தொடர்ந்த கிரைன்ஸ் என்பார், தீட்டும்போது உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் நீங்கிவிடுகிறது என்று 1901இல் எடுத்துரைத்தார்.

மூவர் உண்ட மூவகை அரிசி

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி மிகுதி. வீட்டிலேயே நெல் குத்தி உண்ட மலாய்க்காரர்களிடையே அது குறைவு. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையேயும் அஃது அரிதாகவே தோன்றியது. நாடு ஒன்று, வெயிலும் மழையும் ஒன்று, அரிசி மட்டுமே வேறு. 1907இல் அவர் இதனை ஒரு நூலாகவே வெளியிட்டார். நாட்பட்ட பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொண்ட முடிவு. காரணத்தில் அவர் தவறினார், கவனித்ததில் தவறவில்லை.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அளித்தார். பச்சரிசி உண்டவர் 120 பேர்; அவர்களுள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர் 123 பேர்; அவர்களுள் ஒருவருக்கும் புதிதாக நோய் காணவில்லை. இம்முடிவு 1907இல் வெளிவந்தது.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் இச்சோதனையை மேலும் உறுதிப்படுத்தினர். ஜெலுபுப் பகுதியில் டுரியான் திப்புஸ் என்னும் காட்டுப்புறத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை அவர்கள் இரு குழுவாக்கினர். வெள்ளை அரிசி உண்ட குழுவில் சுமார் மூன்று மாதத்தில் பெரிபெரி தோன்றியது. அக்குழுவைப் புழுங்கல் அரிசிக்கு மாற்றவே நோய் நின்றது. மற்றக் குழுவுக்கு வெள்ளை அரிசி கொடுக்க, அங்கும் நோய் தலைகாட்டிற்று. ஐயத்திற்கு இனி இடமில்லை.

எண் பிறந்த கதை

காரணம் அரிசியில் உள்ளது எனத் தெரிந்தபின், நல்ல அரிசியை எப்படி அடையாளம் காண்பது என்னும் வினா எழுந்தது. மூட்டை மூட்டையாக வரும் அரிசியை ஒவ்வொரு முறையும் கோழிக்குக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருத்தல் நடவாது. காக்கும் பொருளையோ எவரும் கண்ணால் கண்டதில்லை. அதற்குப் பெயரும் இல்லை. எனவே அவ்விருவரும், தவிட்டோடு சேர்ந்து நீங்கும் மற்றொரு பொருளை அளந்தனர். அது பாஸ்பரஸ். அரிசியின் பாஸ்பரஸைப் பென்டாக்சைடாகக் கணக்கிட்டு, நூற்றுக்கு 0.4 பங்குக்குக் குறைந்தால் அவ்வரிசி ஆபத்தானது என எல்லை வகுத்தனர்.

ஈண்டு அவர்களுடைய நேர்மையைப் போற்ற வேண்டும். பாஸ்பரஸ்தான் நோயைத் தடுக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அரிசி எவ்வளவு தீட்டப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளமாக மட்டுமே அதனைக் கொண்டனர்.

அடையாளம் பொய்த்த இடம்

ஆனால் அந்த அடையாளம் பொய்த்தது எங்கே தெரியுமா? நோயினின்று நம்மவரைக் காத்த புழுங்கல் அரிசியிலேதான்! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேல்தோலிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்னர்த் தவிட்டைத் தீட்டி நீக்கினாலும் அதில் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடுகிறது. பாஸ்பரஸோ தவிட்டோடு போய்விடுகிறது. ஆகவே பாஸ்பரஸ் குறைந்த புழுங்கல் அரிசியும் நல்ல உணவாக இருத்தல் கூடும். பின்னாளில் நீலகிரிக் குன்னூரில் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக விளங்கிய அய்க்ராய்டு 1932இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது.

யான்சன், டோனாத் என்னும் இருவர் 1926இல் அவ்வுயிர்ச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதன் பெயர் தயமின். 1936இல் யான்சன் அதனை அளக்கும் வழியையும் கண்டார். தயமினை வேறொரு பொருளாக மாற்றினால், அது புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அவ்வொளியின் அளவே தயமினின் அளவு. நிழலை அளந்த காலம் போய், பொருளையே அளக்கும் காலம் வந்தது.

நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே புழுங்கல் அரிசி உண்டனர் எனச் சிலர் பெருமை பேசுவர். அது பொருந்தாது. அவித்த நெல் குத்தும்போது உடையாது. அரிசியும் நெடுநாள் கெடாது. வழக்கம் அவர்களைக் காத்தது. காரணத்தைக் காட்டியது ஆராய்ச்சி.

அண்மைக் காலப் படிப்பினை

அடையாளத்தைப் பொருளாகவே நம்பினால் வரும் கேட்டினை நம் காலமும் கண்டது. டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் 1883இல் உணவிலுள்ள நைட்ரஜனை அளக்கும் முறையை அமைத்தார். அந்த நைட்ரஜனைக்கொண்டு புரதத்தைக் கணக்கிடுவது உலக வழக்கமாயிற்று. நீர் கலந்த பாலில் மெலமின் என்னும் பொருளைச் சேர்த்தால் நைட்ரஜன் மிகும், சோதனையும் ஏமாறும். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனே. புரதம் அதில் துளியும் இல்லை. 2008இல் சீனாவில் இந்த வஞ்சகம் வெளிப்பட்டபோது 6 குழந்தைகள் இறந்திருந்தன. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. பிரேசரும் ஸ்டாண்டனும் அடையாளம் என்று அறிந்தே ஓர் எண்ணைக் கைக்கொண்டனர். இங்கோ, அந்த வேறுபாட்டை அறிந்தவன் வஞ்சகன்; மறந்தவர்கள் காவலர்கள்.

நாள்தோறும் விடைத்தாளில் எண்ணிடும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மதிப்பெண்ணும் பாஸ்பரஸைப் போன்றதோர் அடையாளமே. 0.4க்குக் கீழே நின்ற புழுங்கல் அரிசியைப் போல, எண்ணில் குறைந்து உள்ளே சத்து நிறைந்த பிள்ளைகள் நம் தோட்டப் பள்ளிகளில் உண்டு. அளவுகோலை எறிந்துவிட வேண்டுவதில்லை. அது எதனை அளக்கிறது என்பதை மறவாதிருந்தால் போதும். அவ்வறிவைப் பெறக் கோலாலம்பூர் விடுதியில் மாண்ட, பெயர் அறியா அந்தப் 18 பேரையும் நன்றியுடன் நினைவோமாக.