பெண்ணையாற்றுக் கபிலர் குன்று

திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே, தென்பெண்ணையின் தென்கரையில் அமைந்த சிற்றூர் திருக்கோவலூர். வருவோருட் பலர் உலகளந்த பெருமாளைத் தொழுத அளவில் திரும்பிவிடுகின்றனர். முதலாழ்வார் மூவர் மழையிரவொன்றில் இடைகழியில் நெருங்கி நின்ற கதையின் ஈர்ப்பு அத்தகையது. கவிதையில் நாட்டமுடையோர் கீழையூர் வீரட்டானம்வரை நடப்பது நன்று. அருகே ஆற்றினுள் ஒரு பாறை. அதன் உச்சியில் சிறு செங்கற்கோயில். கபிலர் குன்று என்பது அதன் பெயர்.

பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்ப்பித்துக் கபிலர் வடக்கிருந்தார் என்பது புறநானூறு 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி. வீரட்டானத்திலுள்ள முதலாம் இராசராசன் (985–1014) காலக் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையர் குலத்தார்க்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. கல்வெட்டு காலத்தால் பல நூற்றாண்டு பிந்தியது.

பட்டினியா, தீயா என்று வழக்காடுவோர் உண்டு. மணச்செய்தி அங்கே ஏன் வந்தது என்று கேட்பதே பயனுடையது. அதே கல்வெட்டு, இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையர் குலத்தில் தோன்றியவள் என்று போற்றுகிறது. அரசியின் பிறந்தகப் பெருமைக்குப் புலவரின் சாவும் சான்றாக அழைக்கப்பட்டது போலும்!

மேலே சாத்தனூரில் 1958இல் அணை எழுந்தது. ஆறு வற்றிய மாதங்களில் மணலில் நடந்தே பாறையை அடையலாம். வெள்ளக் காலத்தில் கரையில் நின்று காண்பதோடு சரி.