காந்த அட்டையிலிருந்து கைப்போன் வரை: புரோகிராம் எழுதும் கல்குலேட்டரின் கதை



எமது பிள்ளைகள் போனில் இறக்கக்கூடிய கணித அப்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கணக்கைப் படம் பிடித்துக் காட்டினால் விடையைச் சொல்லிவிடும். மற்றது, செய்யும் வழியை நாமே படிப்படியாக எழுதிக் கொடுத்தால் மாத்திரம்தான் வேலை செய்யும். முதலாவது எல்லா வீட்டிலும் இருக்கிறது. இரண்டாவதைத் தெரிந்தவர்கள் குறைவு. புரோகிராம் எழுதும் கல்குலேட்டர் என்று சொல்லப்படும் அந்த இரண்டாவது வகைக்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது.

1965இல் நியூயோர்க்கில் இத்தாலியின் ஒலிவெட்டி கம்பனி 'புரோகிராமா 101' என்ற இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. பியர் ஜோர்ஜியோ பெரோத்தோ என்ற பொறியியலாளரின் குழு உருவாக்கியது அது. ஒரு தட்டச்சு இயந்திரமளவு பெரியது. விலை 3,200 டொலர். ஒரு கணக்கின் படிகளை ஒருமுறை எழுதி காந்த அட்டையில் பதிந்து வைத்தால், அடுத்த நாள் அட்டையைச் செருகி எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சந்திரனுக்கு ஆளனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த நாசாவும் இதை வாங்கிப் பாவித்தது.

1974இல் ஹியூலட் பக்கார்ட் கம்பனி அதே வசதியை உள்ளங்கைக்குள் கொண்டுவந்தது. எச்.பி.-65 என்ற அந்தக் கல்குலேட்டரில் 100 படிகள் எழுதலாம். விலை 795 டொலர். 1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பலோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் இணைந்தபோது, கணக்குகளுக்குத் துணையாக இதுவும் கூடச் சென்றது.

அதே 1975இல் பூமியில் இன்னொரு சம்பவம் நடந்தது. லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் மிச்சல் பைகன்பாம் என்ற பௌதிகவியலாளர் எச்.பி.-65ஐ வைத்து ஒரு சின்னச் சமன்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். வந்த விடையைத் திரும்பத் திரும்ப அதே சமன்பாட்டில் இடுவதுதான் வேலை. சமன்பாட்டிலுள்ள ஓர் எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், விடைகள் முதலில் இரண்டு பெறுமானங்களுக்கிடையே மாறி மாறி வரும். பின்பு நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டிக்கும். கருவியோ மிக மெதுவானது. ஒரு விடை வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், அடுத்த இரட்டிப்பு எங்கே வரும் என்று அவர் ஊகித்துப் பார்த்தார். அப்படித்தான், அந்த இடைவெளிகள் ஏறத்தாழ 4.669 என்ற ஒரே விகிதத்தில் சுருங்குவதைக் கண்டார். இன்று அந்த எண் அவர் பெயரிலேயே 'பைகன்பாம் மாறிலி' என்று அழைக்கப்படுகிறது. வேகமான கொம்பியூட்டரில் விடைகள் மளமளவென்று வந்து விழுந்திருந்தால், ஊகிப்பதற்கு அவருக்கு அவகாசமே இருந்திருக்காது.

அதன் பின் 960 படிகள் வரை எழுதக்கூடிய டி.ஐ.-59 1977இல் வந்தது. 1979இல் வந்த எச்.பி.-41சி, 1981இல் முதலாவது விண்வெளி ஓடத்தில் பறந்தது. 1988இல் வெளிவந்த எச்.பி.-42எஸ்ஸின் உற்பத்தி 1995இல் நின்றுபோனது. ஆனாலும் அது அழிந்துவிடவில்லை. தோமஸ் ஒக்கன் என்பவர் அதே கல்குலேட்டரை 'ஃப்ரீ42' என்ற அப்பாக எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அன்று 795 டொலர் கொடுத்தும் கிடைக்காத வசதி இன்று காசில்லாமல் கிடைக்கிறது. இறக்கிய பின் டேட்டாவும் தேவையில்லை.

கருவி புதிது, வழியைப் படிகளாக எழுதும் வழக்கம் பழையது. 'அல்கோரிதம்' என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள்தான்.

அதையே உதாரணமாக எடுப்போம். ஒருவர் மௌத்தாகிவிட்டார். மனைவி, 2 ஆண் பிள்ளைகள், 3 பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. ஜனாஸாச் செலவு, கடன், வசிய்யத் எல்லாம் கழிந்து மீதி 24 இலட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 இலட்சம். மிகுதி 21 இலட்சம். ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்றால் மொத்தம் 7 பங்கு. பெண் பிள்ளைக்கு 3 இலட்சம், ஆண் பிள்ளைக்கு 6 இலட்சம்.

படம் பிடிக்கும் அப்பும் இந்த விடையைத் தரலாம். ஆனால் இதைப் புரோகிராமாக எழுத உட்காரும் பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்கும். ஆண் பிள்ளையே இல்லாவிட்டால்? பெற்றோர் உயிருடன் இருந்தால்? மௌத்தானது மனைவி என்றால்? ஒவ்வொரு கேள்விக்கும் புரோகிராமில் ஒரு கிளை வேண்டும். பதில் தெரியாவிட்டால் ஆலிமிடமோ ஆசிரியரிடமோ போய்க் கேட்டே ஆக வேண்டும். விளங்காத ஒன்றைப் படிகளாக எழுத முடியாது. இந்த அப்பின் முழுப் பெறுமதியும் அதில்தான் இருக்கிறது.

"ஓ/எல் கணிதப் பேப்பரை மடக்கை அட்டவணையோடுதானே எழுத வேண்டும்? பரீட்சைக்குக் கொண்டுபோக முடியாததை ஏன் பழக வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். போன் வாசலோடு நின்றுவிடும், உண்மைதான். ஆனால் இருபடிச் சமன்பாட்டுக்குத் தானே புரோகிராம் எழுதிய பிள்ளை, அதன் ஒவ்வொரு படியையும் தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போகும். படம் பிடித்தே பழகிய பிள்ளையின் விடை போனோடு வெளியே நின்றுவிடும்.

போனைப் பறித்து வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. அந்தப் போனில் என்ன செய்யச் சொல்கிறோம் என்பது எமது கையில் இருக்கிறது. இந்த விடுமுறையில் ஸகாத்தின் இரண்டரை வீதத்தை, கடைக் கணக்கை, வளவின் பரப்பளவை ஒரு சின்னப் புரோகிராமாக எழுதச் சொல்லிப் பாருங்கள். ஊரிலுள்ள நில அளவையாளர்கள், பொறியியலாளர்கள் எவருடைய அலுமாரியிலாவது பழைய புரோகிராம் கல்குலேட்டர் கிடந்தால், அதை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எப்படிப் பாவித்தீர்கள் என்று இங்கே எழுதினால் நாமும் வகுப்பில் சொல்லிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.