அப்துல்லா குதுப் ஷா

அப்துல்லா குதுப் ஷா (1614–1672) கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மரபின் ஏழாம் சுல்தான். பூந்தமல்லியும் சென்னையைச் சூழ்ந்த ஊர்களும் கோல்கொண்டா ஆட்சிக்குள் வந்தது இவர் காலத்தில்தான்.

தந்தை சுல்தான் முகமது குதுப் ஷா. தாய் ஹயாத் பக்‌ஷி பேகம், ஹைதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷாவின் மகள். தந்தை மறைந்ததும் 1626இல் 12 வயதில் அப்துல்லா அரியணை ஏறினார். தொடக்க ஆண்டுகளில் அரசவையில் தாயின் சொல்லே ஓங்கியிருந்தது.

1636இல் முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மேலாண்மையை ஏற்று, ஆண்டுக்கு 2 லட்சம் ஹொன் திறை செலுத்த ஒப்புக்கொண்டார். வடக்கு எல்லையில் அச்சம் தணிந்ததும், நலிந்திருந்த விஜயநகர அரசின் மீது அவருடைய படைகள் தெற்கே பாய்ந்தன. படைகளை நடத்தியவர் பாரசீகத்திலிருந்து வந்து, வைர வணிகத்தில் செழித்து, அமைச்சராக உயர்ந்த மீர் ஜும்லா. உதயகிரிக் கோட்டை 1646இல் வீழ்ந்தது. தொடர்ந்து பூந்தமல்லிச் சீமையும் கைமாறியது.

பூந்தமல்லி அதற்கு முன்பு விஜயநகரத் தலைவர் தாமர்ல அய்யப்ப நாயக்கரின் இருப்பிடம். அவருடைய சகோதரர் வெங்கடாத்ரி நாயக்கர்தான் 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் வழங்கியவர். அந்த உரிமைகளை மீர் ஜும்லா 1647இல் உறுதிசெய்தார். கோல்கொண்டா அதிகாரியின் இருப்பிடமானது பூந்தமல்லி. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் பல விவகாரங்களை அவரிடமே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அஸ்தராபாத்தைச் சேர்ந்த சுல்பிகாரின் மகன் ருஸ்தம் 1653இல் பூந்தமல்லியில் கட்டிய பள்ளிவாசல் இந்த ஆட்சியின் நேரடிச் சான்று.

தெற்கே வென்ற நாட்டின் செல்வமும் படையும் மீர் ஜும்லாவின் கையில் குவிந்ததால் அவருக்கும் சுல்தானுக்கும் பகை மூண்டது. மீர் ஜும்லா முகலாயர் பக்கம் சாய்ந்தார். 1656இல் ஷாஜகானின் மகன் ஔரங்கசீப்பின் படை ஹைதராபாத்தைச் சூறையாடி, கோல்கொண்டாவை முற்றுகையிட்டது. பெரும் இழப்பீட்டுக்கு உடன்பட்டும், தம் மகளை ஔரங்கசீப்பின் மகன் முகமது சுல்தானுக்கு மணமுடித்துக் கொடுத்தும் அப்துல்லா அரசைக் காத்துக்கொண்டார். 1662இல், சென்னைக்கு அருகே போர்த்துகீசியரிடமிருந்த சாந்தோமைக் கோல்கொண்டாப் படை கைப்பற்றியது.

அப்துல்லா தக்கனி மொழியில் கவிதை எழுதியவர், புலவர்களைப் போற்றியவர். ‘புர்ஹானே காத்தி’ என்னும் புகழ்பெற்ற பாரசீக அகராதி இவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

1672இல், ஆண்டுக்கு 1,200 வராகன் செலுத்திச் சென்னையை ஆங்கிலேயர் வைத்துக்கொள்ள கோல்கொண்டாவின் நவாப் நெக்னாம் கான் உடன்பட்டார். அதே ஆண்டு சுல்தான் இறந்தார். அவருடைய கல்லறை கோல்கொண்டாவுக்கு அருகே குதுப் ஷாஹி சமாதி வளாகத்தில் உள்ளது. அவரை அடுத்து மருமகன் அபுல் ஹசன் தானா ஷா ஆண்டார். 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றியதோடு மரபு முடிவுற்றது.