அரை மணிச் சாப்பாடு

பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையில் கூலியும் அடி உதையும் தவறாமல் வரும். சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவரான பி.பி. வாடியா அங்கே முதலில் பிடித்துக்கொண்ட குறைகளில் ஒன்று அவற்றைவிடச் சின்னது: சாப்பாட்டு நேரம். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மதியம் அரை மணிதான் விட்டார்கள். தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு தறிக்குத் திரும்பிவிட வேண்டும். மென்று தின்ன நேரமிருக்காது. இதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி விட்டால் போதும் என்றது 1911 தொழிற்சாலைச் சட்டம். நெசவாலையில் ஆண்களுக்கு 12 மணி நேர வேலையையும் அதுவே அனுமதித்தது. இடைவேளையைச் சலுகைக் கணக்கில் எழுதும் பழக்கம் அப்போதே ஊறிவிட்டது. பல்சக்கரத்துக்கு மூடி போடுவது எந்தக் கணக்கோ, இதுவும் அந்தக் கணக்கில் வர வேண்டியது.

அதே 1918இல் இங்கிலாந்தில் ஆய்வாளர் எச்.எம். வெர்னன் போர்க்கால வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் விபத்துப் பதிவுகளை அலசினார். பெண்கள் 12 மணி நேரம் உழைத்தபோது நேர்ந்த விபத்துகள், 10 மணியாகக் குறைந்த பிறகு நேர்ந்தவற்றைப் போல இரண்டரை மடங்கு. வேகமும் வெளிச்சமும்கூடக் காரணம்தான், அவரே அதைச் சொன்னார். ஆனால் அவை களைத்த கையோடு சேரும்போதுதான் விரல் போகிறது. இந்தியச் சட்டம் 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1948இல் 48 மணி என்று இறங்கி வந்தது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது, வாரத்துக்கு 48 மணி மாறவில்லையே, லீவு கூடுமே என்றார்கள் ஆதரித்தவர்கள். எதிர்ப்பால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. வாதம் இன்னும் உயிரோடிருப்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: உடம்பு வாரக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பதினோராவது மணியில் பிரஸ்ஸுக்குள் நீளும் கைக்கு, ஞாயிறு வரப்போகிற லீவு உதவாது. லீவு கேட்பவருக்கு அதைக் கொடுக்க நாளை நீட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

தொழிற்சாலைக்கு வெளியே நிலைமை இன்னும் குழப்பம். திருவொற்றியூர் வழியாகத் துறைமுகம் போகும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். முன் வண்டி பத்தடி நகர்ந்தால் ஓட்டுநர் எழுந்து கிளட்சை மிதிக்க வேண்டும். கண்ணயர்ந்தால் பின்னாலிருந்து ஹாரன். வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வுபோலத்தான் இருக்கும். 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி என்றது. முனையத்தில் சும்மா காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவானால் அதையும் வேலை நேரத்தில் சேர்த்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் வண்டி முதலாளியை மட்டும் அது விட்டுவிட்டது.