சூரத்து வெள்ளியும் தென்கடல் பாரும்

இலங்கையின் தென்கரைக்கு அப்பால், கிரிந்தை என்னும் மீனவ ஊருக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாறைத் திட்டு கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் 1961 மார்ச்சில் வெள்ளி நாணயங்கள் கட்டி கட்டியாகக் கண்டெடுக்கப்பட்டன. அவை ஔரங்கசீப் பெயரில் சூரத்தின் நாணயச்சாலையில் அடித்த ரூபாய்கள். தென்கடலில் மூழ்கிய காசுகளில் இவ்வளவு தெளிவாகத் தம் பிறந்த ஊரையும் ஆண்டையும் சொல்பவை அரிது.

சூரத்திலிருந்து கிழக்கே போகும் கப்பலுக்கு வழக்கமான வழி ஒன்றுதான். கொங்கணம், மலையாளக் கரை என்று தெற்கே இறங்கி, குமரிமுனையைத் தாண்டி, இலங்கையின் தென்கோடியைச் சுற்ற வேண்டும். பாக் நீரிணையும் இராமர் அணையும் பெரிய கப்பல் புகுமளவு ஆழம் இல்லாதவை. ஆகவே சோழமண்டலக் கரைக்கோ வங்கத்துக்கோ போகும் சரக்கெல்லாம், குமரிப் பகுதியிலுள்ள தேங்காய்ப்பட்டணம், மிடாலம், குறும்பனை, குளச்சல் கரைகளுக்கு வெளியே உள்ள கடலைக் கடந்தே போயிற்று. 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோற்றதை எல்லோரும் அறிவர். அந்தக் கம்பெனி இக்கரையில் அவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு மிளகு முதற்காரணம் என்றால், இந்தக் கடல்வழியை இரு புறமும் கைக்குள் வைத்திருக்கும் எண்ணம் அதற்கு அடுத்த காரணம்.

குமரி முதல் இராமேசுவரம் வரை மீனவர்கள் கடலடிப் பாறையைப் பார் என்பார்கள். பார் மீன் கூடும் இடம். அதனால் அவர்களுக்கு அது செல்வம். கரையிலுள்ள மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் கொண்டுவந்து பாரின் இடத்தைப் பிசகாமல் கண்டுபிடிக்கும் அறிவு தலைமுறையாக அவர்களிடம் உண்டு. தூரதேசக் கப்பல்காரர்களிடம் அந்த அறிவு இல்லை. கிரிந்தைக்கு எதிரே உள்ள திட்டைச் சிங்களர் மகா ராவணா கோட்டை என்றனர்; கடலில் மூழ்கிப்போன இராவணன் கோட்டையின் மிச்சம் என்பது ஐதிகம். போர்த்துகீசியர் தம் மொழியில் ஆழமற்ற இடத்தைக் குறிக்கும் சொல்லால் அழைத்தார்கள்; அது மருவி ஆங்கிலத்தில் கிரேட் பாசஸ் ஆயிற்று. 1873 மார்ச்சில்தான் அதன் மேல் கலங்கரை விளக்கம் ஏறியது. ஸ்காட்லாந்தில் செதுக்கிப் பொருத்திப் பார்த்த கருங்கற்களைக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கிய கோபுரம் அது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இருட்டில் அந்தப் பாரைக் காட்டியது அலை உடையும் வெள்ளை மட்டுமே.

கண்டுபிடித்தவர்கள் புதையல் தேடிப் போனவர்கள் அல்லர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து தங்கினார். அவருடைய கூட்டாளி மைக் வில்சன் முக்குளிப்பில் தேர்ந்தவர். அதே 1956இல் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில், போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசுவரத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டவர் அவர். ஈழத்துச் சைவர்கள் முந்நூறு ஆண்டுகளாக வாய்வழியாகச் சொல்லிவந்த செய்திக்கு அன்று கல்லே சாட்சியாகக் கிடைத்தது. 1961இல் அவர் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் கடலடிப் படம் ஒன்றை எடுப்பதற்காக மகா ராவணா கோட்டைக்குப் போனார். மீன்களின் பின்னே சென்றபோது சிறிய பீரங்கி ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சுற்றிப் பவளம் மூடிய கட்டிகள். ஒன்றை உடைத்தபோது உள்ளே வெள்ளி.

அந்தச் செய்தியை அவர்கள் இரண்டு ஆண்டுகள் வெளியே விடவில்லை. இடைக்காலத்தில் வில்சன் 1962இல் ரன்முத்து தூவ என்ற சிங்களப் படத்தை இயக்கி வெளியிட்டார். முதல் வண்ணச் சிங்களப் படம் அது. கடலடிக் காட்சிகளும் புதையலும் கதையிலேயே உண்டு. 1963 ஏப்ரலில்தான் முறையான பயணக் குழு பாருக்குப் போனது. அங்கே கடல் ஓரளவு அடங்குவது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரை வாரங்களில் மட்டுமே. மற்ற மாதங்களில் நீரோட்டமும் அலையும் பாறைமேல் மோதும் வேகத்துக்கு எந்த முக்குளிப்பாளரும் நிற்க முடியாது. கிளார்க் இந்தக் கதை முழுவதையும் 1964இல் நூலாக்கினார்.

இனிக் காசுகளைப் பார்க்கலாம். அவற்றில் பொறித்திருப்பது ஹிஜ்ரி 1113. அந்த ஆண்டு 1701 ஜூனில் தொடங்கி 1702 மே மாதத்தில் முடிந்தது. ஔரங்கசீப் பட்டத்துக்கு வந்ததும், காசு எல்லார் கையிலும் காலிலும் படுவதால் அதில் இஸ்லாமிய நம்பிக்கை வாசகமான கலிமா இருக்கக் கூடாது என்று நீக்கிவிட்டார். பதிலுக்கு ஒரு பாரசீக ஈரடி பொறிக்கப்பட்டது. வெள்ளிக் காசில் முழுநிலவு, பொற்காசில் சூரியன் என்று உவமை மாறும். மறுபக்கத்தில் நாணயச்சாலையின் பெயரும் ஆட்சியாண்டும். ஒவ்வொரு ரூபாயும் ஏறத்தாழ 11.5 கிராம். கட்டி ஒன்றில் சுமார் ஆயிரம் காசுகள் இருந்தன. அதாவது ஒரு கட்டி, ஆயிரம் ரூபாய் கொண்ட ஒரு மூட்டை. எடை பதினொன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். மூட்டையின் பை எப்போதோ இற்றுப் போய்விட்டது. காசுகள் மட்டும் பையின் வடிவத்திலேயே இறுகி நின்றன.

இறுகியதற்குக் காரணம் உப்புநீர்தான். வெள்ளியின் மேற்பரப்பு கடல்நீரில் குளோரைடாகவும் சல்பைடாகவும் மாறிக் கறுத்துத் தடிக்கும். அதன்மேல் சுண்ணாம்பும் பவளமும் படியும். வெளியடுக்குக் காசுகள் இவ்வாறு கரைந்தும் உருமாறியும் ஓடாகிவிட, அந்த ஓட்டுக்குள் அகப்பட்ட காசுகளுக்குப் புதுநீர் போய்ச்சேராது. ஆகவே கட்டியின் வெளியே கைவைத்தால் பொடியும் கறுப்புத் தகடு. நடுவில் நேற்று அடித்ததுபோன்ற ரூபாய். வெளியே இருந்தவை அழிந்து உள்ளே இருந்தவற்றைக் காத்தன.

அடித்த ஆண்டு எல்லாக் காசிலும் ஒன்றாக இருப்பதுதான் இந்தக் குவியலின் உயிர்நாடி. சந்தையில் புழங்கிய பணத்தை வாரிக் கட்டிய மூட்டையென்றால் பல ஆண்டுகளும் பல ஊர்களும் கலந்திருக்கும். ஒரே நாணயச்சாலை, ஒரே ஆண்டு என்றால், அடித்த கையோடு எண்ணி, கட்டி, முத்திரையிட்டுக் கப்பலில் ஏற்றிய பணம் என்று பொருள். அன்றைய வழக்கம் இதை உறுதிசெய்கிறது. முகலாய ஆட்சியில் நடப்பாண்டு ரூபாய்க்கு முழுமதிப்பு. பழைய ஆண்டுக் காசுக்குச் சராப்புகள் என்ற காசு மாற்றுவோர் வட்டம், அதாவது கழிவு, பிடிப்பார்கள். தொலைதூர வணிகத்துக்குப் புதுக்காசை ஏற்றுவதே லாபம். எனவே கப்பல் 1702இலோ அதற்குச் சிறிது பின்னரோ பாரில் மோதியிருக்க வேண்டும்.

வெள்ளி சூரத்துக்கு வந்த வழி இன்னும் நீண்டது. இந்தியாவில் வெள்ளிச் சுரங்கம் மிகக் குறைவு. 1545இல் கண்டறியப்பட்ட பொட்டோசி மலையிலும் மெக்சிகோவிலும் தோண்டிய வெள்ளி ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. அங்கிருந்து கம்பெனிக் கப்பல்களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியும், மத்தியதரைக் கடல், செங்கடல், மொக்கா வழியாகவும் இந்தியா வந்தது. அயல்நாட்டுக் காசு முகலாய நாட்டில் செல்லாது. எவரும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச்சாலையில் கொடுத்து, கூலி கட்டி, ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். இப்படி ஆண்டிஸ் மலையில் கூலிகள் வெட்டிய வெள்ளி சூரத்தில் ஔரங்கசீப்பின் பெயரைத் தாங்கி, துணி வாங்கவோ அரிசி வாங்கவோ கீழ்க்கடல் நோக்கிப் புறப்பட்டது.

அந்த வெள்ளி கடந்துபோன நாஞ்சில் நாட்டின் வெள்ளி வேறு வகை. வேணாட்டிலும் பின்னர் திருவிதாங்கூரிலும் சாதாரண மக்கள் கையில் புழங்கியது சக்கரம். அரைக் கிராமுக்கும் குறைந்த எடையுள்ள சின்னஞ்சிறு வெள்ளித் துளி. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். விரலால் ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது போய்விடும் என்பதால், குழி குழியாகக் கடைந்த மரப்பலகையில் சக்கரங்களைக் கொட்டி ஆட்டி, குழிக்கு ஒன்றாக நிரப்பி, மிச்சத்தைத் தள்ளிவிட்டு எண்ணினார்கள். மகா ராவணா கோட்டையில் கிடைத்த ஒரே ஒரு மூட்டையை இந்தக் கணக்கில் மாற்றினால் ஏறத்தாழ 28,000 சக்கரம் வரும். தென்னந்தோப்புக் கூலியும் சந்தைச் செலவும் சக்கரத்தில் நடந்த நாட்டின் கண்ணெதிரே, அடிவானத்தில், மூட்டை மூட்டையாக ரூபாய் போய்க்கொண்டிருந்தது.

1963இன் குழுவில் பீட்டர் த்ராக்மார்ட்டன் இருந்தது பெரிய வாய்ப்பு. துருக்கியின் கெலிடோனியா முனையில் வெண்கலக் காலக் கப்பல் ஒன்று கிடப்பதை அங்குள்ள கடற்பஞ்சு முக்குளிப்பாளர்களிடம் கேட்டறிந்தவர் அவர். ஜார்ஜ் பாஸ் 1960இல் அதை அகழ்ந்தார். நிலத்தில் தொல்லியலாளர் செய்வதுபோலவே நீருக்கடியிலும் ஒவ்வொரு பொருளையும் இருந்த இடத்திலேயே அளந்து, வரைந்து, பிறகு எடுக்கும் முறை அங்கேதான் முதன்முறையாக முழுமையாகக் கையாளப்பட்டது. ஆனால் மகா ராவணா கோட்டையில் முதற்கட்டிகள் இந்தக் குழு போவதற்கு இரண்டு ஆண்டு முன்பே பெயர்க்கப்பட்டுவிட்டன. எந்தக் கட்டி பீரங்கிக்கு எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை மூட்டை அடுக்கியிருந்தது, கப்பலின் முன்பக்கம் எது என்ற குறிப்புகள் அப்போது எழுதப்படவில்லை. பாறையும் அலையும் மரத்தை ஏற்கெனவே அரைத்துவிட்ட இடத்தில், பொருள்கள் கிடந்த கிடையே எஞ்சிய சாட்சி. காசு ஆண்டைச் சொன்னது. கப்பலின் பெயரைச் சொல்ல அதற்கு வாயில்லை.

தமிழ்நாட்டில் இதே இழப்பு ஆற்றில் நேர்ந்திருக்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து ஏராளமான பழங்காசுகள் எடுக்கப்பட்டன. ரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகளோடு, மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களும் அரசனின் தலையுருவமும் பொறித்த சங்ககாலச் சேரர் வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய காசுகளைத் தேடிச் சேர்த்து, எழுத்தைப் படித்து, நூல்களாக வெளியிட்டார். சங்க இலக்கியத்தில் மட்டுமே அறிந்திருந்த மன்னர்களுக்கு உலோகச் சான்று கிடைத்தது அதனால்தான். அந்தப் பணியின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும், வெள்ளம் உருட்டி வந்த காசு எந்த அடுக்கில், எந்தப் பானையோடு கிடந்தது என்பதை மீட்க வழியில்லை.

நீருக்கடியில் உலோகம் தேடும் கருவிகள் 1963க்குப் பிறகு வெகுவாக வளர்ந்தன. உலோக உணர்கருவியின் சுருளில் மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தினால், அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அது அடங்கும்போது சுருளுக்குத் திரும்பிவரும் சிறு அதிர்வைக் கருவி ஒலியாக மாற்றும். கடல்நீரும் மின்கடத்தி என்பதால் சாதாரணக் கருவி குழம்பிப்போகும். துடிப்பு முறையில் நீரின் எதிரொலி உடனே அடங்கிவிடும், வெள்ளியின் எதிரொலி சற்று நீடிக்கும். அந்த நொடித்துளி வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரிக்கிறார்கள். ஆயினும் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் இக்கருவிக்குப் பார்வை கிடையாது. படகின் பின்னே இழுத்துச் செல்லும் காந்தமானி இரும்புப் பீரங்கியையும் நங்கூரத்தையும் வெகுதூரத்திலிருந்தே காட்டும். காந்தத்துக்கு இசையாத வெள்ளியை அது அறியாது. எனவே முதலில் இரும்பைத் தேடி, அதன் அருகே வெள்ளியைத் தேடுவதே நடைமுறை.

இருந்தும் முதல் துப்பு பெரும்பாலும் கருவியிடமிருந்து வருவதில்லை. மகா ராவணா கோட்டைக்கு மேற்கே கொடவாயவில், சுமார் 2,000 ஆண்டுப் பழமையான கப்பலின் எச்சத்தை 2003இல் கண்டவர்கள் சங்கு குளிப்பவர்கள். பூம்புகாருக்கு எதிரே, சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலிலிருந்து கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் எடுத்த ஈயப் பாளங்களில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. அங்கே இடம் குறித்து, அளந்து எடுத்ததால், சாதாரண ஈயப் பாளம் தான் வார்க்கப்பட்ட நாட்டையும் காலத்தையும் ஒருங்கே சொல்லிற்று.

இப்படி அகப்படும் பொருளைப் பற்றிய இந்தியச் சட்டம் பழையது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லையென்று தீர்ந்து, வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கடலில் உடைந்த கப்பலின் பொருளுக்கு 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் தனியே ஓர் அதிகாரியை வகுத்தது. அச்சட்டப்படி கண்டவர் அவரிடம் அறிவிக்க வேண்டியிருந்தது, உரிமை கோரி எவரும் வராவிட்டால் அது அரசைச் சேர்ந்தது. 2001இல் யுனெஸ்கோ இயற்றிய ஒப்பந்தம் நூறாண்டுக்கு மேல் நீரில் கிடந்தவற்றை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்கிறது. முடிந்தவரை கிடந்த இடத்திலேயே விட்டுக் காப்பதை முதல் வழியாக வைக்கிறது. அந்த ஒப்பந்தம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் மகா ராவணா கோட்டையில் முதற்கட்டி பெயர்க்கப்பட்டு நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.